படையா, படிப்பா, பட்டறையா?

நடுவர் அவர்களே! "போரை ஜெயிக்கிறது படை, பேராசிரியருக்கு அங்கே என்ன வேலை?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. ஒரு வரலாறு சொல்றேன், கேளுங்க.

1940. இங்கிலாந்துக்கு உணவு கப்பலில் வரணும். ஜெர்மானிய நீர்மூழ்கிகளோ கப்பல்களை மூழ்கடிக்குது. கூர்மையாகப் பார்க்கும் சின்ன ரேடார் வேணும். தேவை கடற்படைக்குத் தெரியும், வழி தெரியாது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் உதவியை ஏற்கெனவே நாடியிருந்தது.

அந்தப் பிப்ரவரியில் ராண்டல், பூட் என்ற இருவர் அங்கே செப்புக் கட்டியில் துளையிட்டு 'மேக்னட்ரான்' செய்தார்கள். ஜி.இ.சி. நிறுவனம் அதைப் போருக்கு ஏற்றபடி திருத்தியது. ஆனா, குவிக்க ஆலை போதலை. செப்டம்பரில் அந்த ரகசியத்தை அமெரிக்காவிடமே கொடுத்தாங்க! எம்.ஐ.டி.யில் ஆய்வுக்கூடம் எழுந்தது. ரேதியான் நிறுவனத்தில் உற்பத்தியை எளிதாக்கினார் பெர்சி ஸ்பென்சர். அவர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்! முனைவர் பட்டம் வாங்கிய நான் இதைச் சொல்லித்தான் ஆகணும்.

1943 மே மாதம் நீர்மூழ்கிகள் வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கின. காரணங்கள் பல, இந்த ரேடார் அதில் முக்கியமானது.

அதே ஸ்பென்சர் 1945இல் மேக்னட்ரானால் சமைக்கவும் வழி கண்டார். தாய்மார்களே, உங்க மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளே இருப்பது அதுதான்!

கேட்டது படை, கண்டது படிப்பு, பெருக்கியது பட்டறை. அடுப்புக்கு மூணு கல்லு. ஒண்ணை உருவினாலும் பானை கவிழும்! நல்ல தீர்ப்பு வேண்டி அமர்கிறேன்.