மர்மக் கதையும் வதந்தியும்: வாவிக்கரை தரும் பாடம்

மர்மக் கதை, பேய்க் கதை, துப்பறியும் கதை என்றால் நமது இலக்கிய வட்டங்களில் ஓர் இளக்காரம் உண்டு. பஸ்ஸில் வாசித்துவிட்டு ஆசனத்திலேயே விட்டுச் செல்லும் சரக்கு என்பார்கள். ஆயினும், எழுதப் பழகும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். "வாசிக்கிறவங்க பயப்படுற மாதிரி எப்படி சேர் எழுதுற?" என்பார்கள். இதற்கு விடை தேடித் தூரம் போக வேண்டியதில்லை. நமது இலக்கிய வரலாற்றிலும் மட்டக்களப்பு வாவிக்கரையிலுமே அது கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் நமது முன்னோடி. கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பையின் 'அஸன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்ளும் அதனை அறிவுரை நூலாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதன் கதைப்போக்கைச் சற்றுப் பாருங்கள். மிசுறு தேசத்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது. தான் யாரென அறியாமல் இந்தியாவில் வளர்கிறது. பல இடர்களைக் கடந்து ஈற்றிலேயே பெற்றோரை அடைகிறது. 'இவன் யார் பிள்ளை?' என்ற வினாதான் நம்மைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்கிறது. ஷெர்லக் ஹோம்ஸ் அச்சில் தோன்றியது 1887இல். தமிழ்நாட்டில் துப்பறியும் நாவலுக்குப் பெரும் வாசகரைத் தேடித்தந்த ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது 1908இல். ஆக, மர்மம் நமக்கு இரவல் சரக்கல்ல.

வினாவை எழுப்பினால் மட்டும் போதாது, அதை வளர்க்கவும் தெரிய வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்த பாடம் ஒரு கதையல்ல. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் குறிப்பு. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் அடியிலிருந்து இசை கேட்கிறது என்ற பேச்சை விசாரித்தார். அதைத்தான் 'பாடும் மீன்' என்கிறோம். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் அதை அவர் சொல்லும் ஒழுங்கு கவனிக்கத்தக்கது.

முதலில் ஊர்ப் பேச்சைச் சொல்கிறார். அடுத்து ஒல்லாந்தர் கோட்டைக்கு அருகே ஓசை எழும் இடத்தைக் குறிக்கிறார். பின்னர் மீனவரை அழைத்துக் கேட்கிறார். தங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே இது தெரியும் என்கிறார்கள் அவர்கள். கோடையில்தான் கேட்கும், மழைவெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்கிறார்கள். ஓசைக்குக் காரணம் மீனல்ல, 'அழும் ஊரி' என்ற பொருளில் தாங்கள் அழைக்கும் ஒரு சிப்பியினம் என்றும் சொல்கிறார்கள். அதன் பிறகே நிலவொளியில் தோணி ஏறுகிறார். அலையற்ற நீரில் ஓசை எழுகிறது. தோணிப் பலகையில் காதை வைத்தால் அது இன்னும் பெருகுகிறது. கரையிலுள்ள பூச்சிகளின் சத்தமோ என்று ஐயுற்று, அப்படி இருக்க முடியாது என்பதற்குக் காரணம் காட்டி விலக்குகிறார். இடம் மாறினால் ஓசை மறைகிறது. பழைய இடத்துக்குத் திரும்பினால் மீண்டும் கேட்கிறது. ஆகவே ஓசை எழுப்புவது ஓரிடத்தில் நிலைத்திருப்பது. மீனவர் சொன்ன ஊரியே பொருந்துகிறது என்று நினைக்கிறார். ஆனால் முடிந்த முடிவாகச் சொல்லவில்லை.

மர்மக் கதையின் இலக்கணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. இலகுவான விடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போக, எஞ்சியிருக்கும் கதவின் முன்னால் வாசகன் நிற்கிறான். அவனது நெஞ்சு படபடப்பது அங்கேதான். வெறும் இருட்டு அதைச் செய்யாது.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் இதே வாவிக்கரை கண்டிருக்கிறது. 2011 ஓகஸ்ட்டில், றமழான் மாதத்தில், 'கிறீஸ் பூதம்' என்ற பீதி நாட்டின் பல பாகங்களோடு கிழக்கையும் பிடித்துக்கொண்டது. உடம்பெங்கும் கிறீஸ் பூசிக்கொண்டு பிடிபடாமல் வழுக்கி ஓடும் கள்வன் பழைய கதைகளில் வருபவன். அவன் திடீரென நம் வேலிகளுக்குப் பின்னால் வந்து நின்றான். அந்திக்குப் பின் பெண்கள் வெளியே வரவில்லை. ஆண்கள் பொல்லுகளோடு காவல் இருந்தார்கள். மர்ம மனிதர்கள் படை முகாம்களுக்குள் ஓடி மறைந்ததாக மக்கள் பல இடங்களில் கூறினர். அரச தரப்பு மறுத்தது. முரண்பாடுகள் மோதல்களாகவும் வெடித்தன.

அந்தப் பயத்தைக் கற்பனை என்று ஒதுக்க என்னால் முடியாது. தாக்கப்பட்டதாகச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட மண் இது. காணாமல் போனவர்களுக்காகத் தமிழ், முஸ்லிம் வீடுகள் காத்திருக்கும் பிரதேசமும் இதுதான். அதே வேளை, அந்த நாட்களில் பரவிய பேச்சுகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். சம்பவம் பெரும்பாலும் அடுத்த ஊரில்தான் நடந்திருக்கும். சொல்பவர் கண்டிருக்க மாட்டார், கண்டவரைக் கண்டிருப்பார். எந்த விடையும் விலக்கப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. முகமற்ற அந்த உருவத்துக்கு எந்த அந்நியனின் முகத்தையும் பொருத்தலாம் என்றாயிற்று. வழிப்போக்கனும் வியாபாரியும் சந்தேகத்துக்கு ஆளாயினர்.

மர்மக் கதைக்கும் வதந்திக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டும் அறியாமையிலிருந்தே பிறக்கின்றன. வதந்தி யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. கதை தன் வாசகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்; விடை இல்லையென்றால் எதுவரை தேடினோம் என்றாவது காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'எல்லாம் ஜின்னின் வேலை' என்று கைகழுவுவது வதந்திக்காரனின் வேலை.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கதையில் ஒருவன் காணாமல் போனால், அவனுக்காக உம்மாவோ பெண்சாதியோ வாசலில் காத்திருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். ஓசை கேட்டால் யார் கேட்டது, எங்கே நின்று கேட்டது என்று எழுதுங்கள். சந்தேகத்தை ஒருவன்மேல் போடும்போது, அவன் நாளை அதே தெருவால் நடக்க வேண்டியவன் என்பதை நினையுங்கள். பயத்தை நேரில் கண்ட மக்கள் நம் வாசகர்கள். பொய்ப் பயத்தை அவர்கள் ஒரு பக்கத்திலேயே கண்டுகொள்வார்கள்.