தண்டவாளம் திரும்பியதா? விளக்கு சொல்ல வேண்டியது

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு புகையிரதங்கள் நிலையங்களில் மட்டுமே விலகிச் செல்லலாம். ராகமையில் பிரிந்து 1926இல் புத்தளத்தை எட்டிய கரையோரப் பாதையில், சிலாபத்துக்கு வடக்கே இதுதான் நிலைமை. வண்டியை விலகவைப்பது 'பொயின்ற்'. அதன் கத்தி போன்ற முனைகள் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றனவோ, அந்தப் பக்கமே வண்டி போகும். கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பவருக்கு முனை தெரியாது. விளக்கு மட்டுமே தெரியும்.

அந்த விளக்கு பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில் பார்த்தோம். பகாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்குப் பிரதான பாதையில் பச்சை காட்டியது. பொயின்ற்றோ பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதி, தொடர்ந்து நடந்த விபத்தில் 290க்கு மேற்பட்டோர் இறந்தனர். முன்னர் சமிக்ஞைச் சுற்றில் செய்த மாற்றத்தில் வயர்கள் பிழையாக இணைக்கப்பட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. வயர்களில் எழுதியிருந்த பெயர்க்குறிப்பும் பிழை. அது பல வருடங்கள் எவர் கண்ணிலும் படவில்லை.

புத்தளம் நிலையத்தை மேசையில் மாதிரியாகச் செய்ய விரும்புபவருக்கும் இதே சிக்கல்தான், உயிராபத்து இல்லையே தவிர. 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்கும் மெதுவான பொயின்ற் மோட்டர் என்றால், இரண்டு எல்.ஈ.டி.களை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பக்கமாக இணைத்து, மோட்டருடன் தொடராகப் போடுவது வழக்கம். மோட்டர் முட்டி நிற்கும்போதும் 15 மில்லி அம்பியர் அளவே எடுப்பதால் தனித் தடையி தேவையில்லை. எளிது, மலிவு. ஆனால் இந்த விளக்கு காட்டுவது மின் போகும் திசையை மட்டுமே. முனையில் ஒரு கல் சிக்கி மோட்டர் பாதியில் நின்றாலும் விளக்கு அழகாக எரியும்!

ஆகவே, முனை நகரும் கம்பியின் இரு பக்கமும் ஒவ்வொரு மைக்ரோ சுவிட்ச் வைப்பதே நல்லது. முனை முழுமையாக ஒட்டினால் மட்டும் அந்தப் பக்கச் சுவிட்ச் அழுந்த வேண்டும். சிவப்போ மஞ்சளோ, ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் 1,000 ஓம் தடையி போட்டால், 12 வோல்ற்றில் ஏறத்தாழ 10 மில்லி அம்பியர் ஓடும். போதுமான வெளிச்சம். இரண்டு விளக்கும் அணைந்திருந்தால் வண்டியை விடக்கூடாது.

வடக்கில் 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்ரோபரில் திரும்பியபோது, தண்டவாளத்தோடு சமிக்ஞைகளும் புதிதாகவே போடப்பட்டன. பதுங்குகுழிகளுக்குப் போன தண்டவாளங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அறுந்துபோன வயர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

மாதிரியை இணைத்து முடித்ததும் மோட்டரைக் கழற்றிவிட்டு, முனையைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒட்டும் இடத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தும் பாருங்கள். விளக்கு எரிந்தால் மைக்ரோ சுவிட்சைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் ஒரே இலக்கத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.