வளைகுடாவில் பரிசுச் சீட்டு: ஒரு வரலாற்றுக் குறிப்பு



சீட்டு என்ற ஒரே சொல்லைத் தமிழர்களாகிய நாம் மூன்று காரியங்களுக்கு வைத்திருக்கிறோம். அறையில் நால்வர் கூடி ஆடுவது சீட்டு. மாதாமாதம் பணம் கட்டி ஏலம் எடுப்பது சீட்டு. குலுக்கலில் நம் பெயர் விழுமா என்று காத்திருப்பதும் சீட்டு. இவற்றில் ஏலச் சீட்டு ஒன்றுதான் சேமிப்பு. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன, நாம் பிழைக்க வந்த இந்த மண்ணில் எப்படி வேர்விட்டன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34-வது சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பல். மாமியார் வெறுக்கிறாள், மனைவி விலகிப் போகிறாள், கடன் கேட்டால் கொடுப்பார் இல்லை. இனி ஆடமாட்டேன் என்று முடிவு செய்தவன், காய்கள் உருளும் ஓசை கேட்டதும் மறுபடி ஓடுகிறான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தச் சித்திரத்தில் இன்றைய வைத்தியர் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. தருமபுத்திரர் கதையும் நளன் கதையும் எல்லோரும் அறிந்தவை. திருவள்ளுவர் சூதுக்கு ஒதுக்கியது 94-வது அதிகாரம்; அதற்கு முன்னால் கள், பின்னால் மருந்து. இந்த வரிசை தற்செயலா என்பதை வாசகரே யோசிக்கட்டும். சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடும் சிற்பம் எல்லோராவில் இருக்கிறது. தீபாவளி இரவில் சூதாடும் வட இந்திய வழக்கத்துக்கு அதையே ஆதாரம் காட்டுவார்கள். நம் தமிழ் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை.

ஆனால் அரசாங்கமே சீட்டு விற்றபோது நாமும் வாங்கினோம். கேரள அரசு 1967-இல் தொடங்கியது. மறு ஆண்டு அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையிலும் வந்தது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். பிற்காலத்தில் ஒரு நம்பர் லாட்டரி என்று ஒன்று கிளம்பி, அன்றாடக் கூலியை அன்றே விழுங்கியது. 2003-இல் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனையை அடியோடு தடை செய்தது. கேரளத்தில் இன்றும் விற்கிறது.

வளைகுடாவின் கதை வேறு. இங்கே உரிமம் இல்லாத சூதாட்டம் சட்ட விரோதம். 1996 முதல் துபாயில் நடக்கும் உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயத்தில் பந்தயப் பணம் கட்டும் ஜன்னலே கிடையாது. கிண்டியைப் பார்த்தவர்களுக்கு இது விந்தையாக இருக்கும். ஆனாலும் குலுக்கலுக்கு இடம் இருந்தது. துபாய் டியூட்டி ஃப்ரீ 1989-இல் கார் குலுக்கலை ஆரம்பித்தது. அபுதாபி பிக் டிக்கெட் 1992-இல் வந்தது. 1999-இல் பத்து லட்சம் டாலர் பரிசு: சீட்டு 1,000 திர்ஹாம், மொத்தம் 5,000 சீட்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வசூல் 50 லட்சம் திர்ஹாம். பரிசு ஏறக்குறைய 36.7 லட்சம். ஆயிரம் திர்ஹாம் சீட்டின் சராசரி மதிப்பு 734 திர்ஹாம்தான். பரிசு பெற்றவர்களில் இந்தியர் அதிகம் என்று பெருமைப்படுகிறோம். சீட்டு வாங்கியவர்களிலும் நாம்தானே அதிகம்!

2006-இல் வந்த நேஷனல் பாண்ட்ஸ் வேறு வகை. குலுக்கல் உண்டு, போட்ட முதல் அப்படியே இருக்கும். ஆசையும் தீர வேண்டும், கையையும் கடிக்கக்கூடாது என்பவர்களுக்கு இதுவே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

2023 செப்டம்பரில் அமீரகம் வணிகரீதியான விளையாட்டுகளை ஒழுங்குபடுத்த ஓர் ஆணையம் அமைத்தது. 2024 டிசம்பர் 14 அன்று அமீரக லாட்டரியின் முதல் குலுக்கல் நடந்தது: சீட்டு 50 திர்ஹாம், முதல் பரிசு பத்துக் கோடி. அந்தப் பரிசுக்கான வாய்ப்பு சுமார் 88 லட்சத்தில் ஒன்று. அப்போது இரு வாரத்துக்கு ஒரு குலுக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வாங்குபவருக்கு, சராசரியாக ஒரு முறை விழ மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஆண்டு ஆகும்.

பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு சீட்டு வாங்குவதில் எந்தக் குடும்பமும் கவிழ்ந்துவிடாது. (யார் யார் பங்கு எவ்வளவு என்று முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது, விழுந்த பிறகு நட்பு முறிவதுண்டு.) கவலைக்குரியது வேறு. ஊருக்கு அனுப்பும் தொகை காரணமின்றிக் குறைகிறது. விட்டதைப் பிடிக்க மேலும் போடுகிறார். கிரெடிட் கார்டில் எடுத்துக் கட்டுகிறார். அறை நண்பரிடம் வைத்தியச் செலவு என்று பொய் சொல்லிக் கடன் வாங்குகிறார். கைபேசியில் இரவெல்லாம் ரம்மி. உரிமம் இல்லாத செயலியில் பணம் வைத்து ஆடுவது இங்கே குற்றம். இந்தியாவிலும் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது.

இதைத் திமிர் என்றோ தலைவிதி என்றோ ஒதுக்க வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதை ஒரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் குடிப்பழக்கம் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது. 1957-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பில், ஆடி நொந்தவர்களே ஒருவருக்கொருவர் துணை நிற்கிறார்கள். மனைவி திட்டியதாலும் சத்தியம் வாங்கியதாலும் இது தீர்வது அபூர்வம். சூக்தத்துச் சூதாடியும் சபதம் செய்தவன்தான்.

அப்படிப்பட்டவர் நம் வட்டத்தில் இருந்தால், முதலில் செய்யத்தக்கது ஒன்று. அவர் கடனை நாமே அடைத்துவிடாமல், சம்பளத்தைக் கொஞ்ச காலம் மனைவியோ அண்ணனோ கையாள ஏற்பாடு செய்யலாம். உரிமம் பெற்ற லாட்டரியில் செலவுக்கு வரம்பு வைக்கவும், தன்னைத் தானே விலக்கிக்கொள்ளவும் வசதி உண்டு. துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை 800 46342 என்ற இலவச எண்ணில் அழைத்தால் சட்டம், கடன், மனநலம் பற்றி ஆலோசனை கேட்கலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தார் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கைபேசி, இணைய மோகத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. விடுமுறையில் ஊர் போகும்போது அங்கே ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளலாம்.