இரும்புக் கடைக்குப் போகவிருந்த மொரிஸ் மைனர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் வீட்டின் பின்புறம் பன்னிரண்டு வருடமாக ஒரு மொரிஸ் மைனர் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. வாப்பா மௌத்தான பிறகு அதை யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை. பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் வந்து நிறுத்து விலை பேசினார். கொடுத்துவிடுவோம் என்றே சகோதரர்கள் முடிவெடுத்திருந்தோம். விற்பதற்காக வண்டிப் புத்தகத்தைத் தேடி எடுத்தபோதுதான் மனம் மாறியது.

அதில் நான்கு சொந்தக்காரர்கள். முதலாவது ஒரு தோட்டத்துரை. அடுத்து ஒரு டாக்டர். பிறகு டவுனில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி. கடைசியாக எங்கள் வாப்பா. மாத்தளையில் கார் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கதை அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். செய்து பார்த்த மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தார். போனட்டின் நடுவில் ஓடும் அந்தப் பட்டை அப்படி வந்ததுதான். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1971இல் உற்பத்தி நிற்கும்போது ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் வந்திருந்தன.

நம்பர் தகட்டிலும் வரலாறு இருக்கிறது. எங்கள் காரில் இருப்பது ஆங்கில எழுத்துகள். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்து அன்று தகடு போட்டார்கள். 1957இல் சிங்கள 'ஶ்ரீ' எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தமிழர்கள் போராடினார்கள். அடுத்த வருடம் நாடு கலவரத்தைப் பார்த்தது. ஒரு தகரத் துண்டில் எழுதும் எழுத்துக்கூட மனிதர்களைப் பிரிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

இந்தக் கார்கள் நம் நாட்டில் இவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி முடங்கியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இருந்ததைத்தான் ஓட்ட வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு துரைமாரின் காலம் முடிந்தது. அவர்களுடைய கார்கள் நம் கைக்கு வந்தன. ஸ்பெயார் பார்ட்ஸ் இல்லாத காலத்தில் பாஸ்மார் லேத்தில் கடைந்தும் தகரத்தைத் தட்டியும் தாங்களே செய்துகொண்டார்கள். அந்தக் கைப்பழக்கம் வீண்போகவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், பின்னாளில் இலங்கையில் செய்த பாகங்களை அங்கே எடுத்தார். காரைப் பிறப்பித்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பினோம்!

நம் பக்கத்தில் அது ஹயர் கார். ரத்தோட்டை, உக்குவளைப் பக்கம் நடுச்சாமத்தில் பிரசவ வலி என்றால் தட்டும் கதவு ஹயர்காரர் வீட்டுக் கதவுதான். எங்கள் கதவையும் தட்டினார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்ததும் அதே காரில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காரை விற்காமல் வயதான ஒரு பாஸிடம் கொண்டுபோனோம். ஏழு மாதம் எடுத்தது. அவர்தான் பழைய கார்க்காரர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். கொழும்பில் சிலோன் கிளாசிக் கார் கழகம் போன்ற பெரிய அமைப்புகள் இருப்பது தெரியும். அது பணக்காரர் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். இன்னொரு தயக்கமும் இருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தெரியாத கூட்டத்துக்குள் போகும்போது நாங்கள் முதலில் முகங்களைத்தான் பார்க்கிறோம்.

அங்கே யாரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எஞ்சின் அதே எஞ்சினா, புத்தகம் இருக்கிறதா, காபரேட்டரை யார் செய்தார் என்பதுதான். பணத்தைவிட, அசலைக் காப்பாற்றியிருக்கிறோமா என்றே பார்த்தார்கள். பழைய வாகனங்களுக்கான உலக சம்மேளனமும் அப்படித்தான் சொல்கிறது. முப்பது வருடம் கடந்திருக்க வேண்டும், அசல் நிலை காக்கப்பட்டிருக்க வேண்டும், அன்றாடப் பாவனையில் இருக்கக்கூடாது.

திரும்பப் புறப்படும் நேரம் வயதான ஒரு சிங்களப் பெரியவர் நம்பர் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நானாவின் கார் அல்லவா?" என்றார். அவருடைய தம்பி பிறந்த இரவில் அம்மாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எங்கள் வாப்பாவாம். காசு வாங்கவில்லையாம். வாப்பா இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

நிறுத்துக் கொடுத்திருந்தால் கையில் கொஞ்சம் காசு இருந்திருக்கும். இந்தக் கதை கிடைத்திருக்காது.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. புது வண்டி வர வர, பழையதை இரும்புக்குப் போடும் அவசரமும் கூடும். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒஸ்டினோ மொரிஸோ பழைய லொறியோ கிடந்தால், விற்க முன் புத்தகத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஓட்டியவர்கள் உயிரோடு இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். பழைய பாஸ்மாரிடம் பிள்ளைகளை ஒருநாள் அனுப்புங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தக் கைவேலையும் போய்விடும்.

உங்களுக்குத் தெரிந்த ஹயர் கார்க் கதைகளைக் கீழே எழுதுங்கள். சேர்த்து வைப்போம். எங்கள் வாப்பாவுக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள்.