'மே' என்னும் துணைவினையும் 1963இன் தில்லியும்

ஆங்கிலத்தில் 'மே' என்பது மூன்றெழுத்துச் சொல். மாதப்பெயர் அன்று, துணைவினை. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் ஆற்றலைக் குறித்தது. வலிமை என்னும் பொருளுடைய 'மைட்' அதே வேரினது. செய்ய வல்லது என்ற பொருள், பின்னர் செய்யக்கூடும் என்றும், செய்ய இசைவு உண்டு என்றும் கிளைத்தது. வாழ்த்திலும் வேண்டுதலிலும் அதுவே முதற்சொல்லாக நிற்கும்.

தமிழில் இப்பணிகளுள் பெரும்பாலானவற்றை '-லாம்' செய்கிறது. 'மழை பெய்யலாம்' என்பது வாய்ப்பு. 'உள்ளே வரலாம்' என்பது இசைவு. வாழ்த்தை மட்டும் நாம் வியங்கோளிடம் விட்டுவிட்டோம். ஆயினும் '-லாம்' ஒருபோதும் 'வேண்டும்' ஆகாது. இந்த நுட்பம் தமிழருக்குத் தாய்மொழியிலேயே பழகியது என்பதை மனத்திற்கொண்டு 1963ஆம் ஆண்டு விவாதத்தை அணுகுதல் நலம்.

அரசமைப்பின் 343ஆம் உறுப்பு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டுக் கெடு விதித்தது. அது 1965 சனவரி 26 அன்று முடியும். அதற்குப் பின்னும் ஆங்கிலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதே உறுப்பு அதிகாரம் அளித்தது; அங்கும் நின்ற சொல் 'மே'தான். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு 1959இல் மக்களவையில் உறுதியளித்திருந்தார். அவ்வுறுதிக்குச் சட்டவடிவம் தருவதாகவே 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் மசோதா முன்வைக்கப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவோ, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து 'பயன்படுத்தப்படலாம்' என்றுதான் கூறியது.

திராவிட முன்னேற்றக் கழகத்தின் மறுப்பு இவ்வொரு சொல்லின்மீது குவிந்தது. பயன்படுத்தப்படலாம் எனில், பயன்படுத்தப்படாமலும் இருக்கலாம் அன்றோ? இவ்விடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என நேரு விளக்கினார். அங்ஙனமாயின் 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் தடை யாது என்பது எதிர்வினா. மாநிலங்களவையில் அண்ணா மசோதாவை எதிர்த்து வாதிட்டார். சொல் மாறவில்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த நாள், விந்தையாக, மே 10.

நேருவின் விளக்கம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட இயலாது. அதே 1963இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் ஜோகேந்திர சிங்குக்கும் இடையிலான வழக்கில், 'மே' பொதுவாகக் கட்டாயத்தைக் குறிக்காது என்றாலும் சூழலை ஒட்டி 'ஷல்' என்று பொருள்படக்கூடும் என உச்ச நீதிமன்றம் கூறியது. ஓர் அரசு ஊழியர் விண்ணப்பித்தால் ஆளுநர் அவரது விசாரணையைத் தீர்ப்பாயத்துக்கு 'அனுப்பலாம்' என்ற விதி, அனுப்பியே ஆகவேண்டும் என்று அங்குப் பொருள் கொள்ளப்பட்டது. ஆனால் அது நீதிமன்றம் விதியின் நோக்கத்திலிருந்து வருவித்த பொருள். அவையில் நிகழ்த்தப்படும் உரைகளைக் கொண்டு சட்டத்துக்குப் பொருள் காணலாகாது என்பதே அக்கால உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆகவே, நேருவின் வாய்மொழி எத்துணை நேர்மையானதாயினும், சட்டத்தின் பகுதி ஆகாது. அண்ணாவின் கட்சி அஞ்சியது இலக்கண ஐயத்தை அன்று. அதனைத் தீர்க்கும் அதிகாரம் நாளை யார் கையில் இருக்கும் என்பதையே.

நேரு 1964 மே 27 அன்று மறைந்தார். அதற்கு முன்னரே, அவ்வாண்டு சனவரியில், கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்திருந்தார். 1965 சனவரியில் மாணவர் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது; துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழியை மீண்டும் கூறினார். இதுவும் வாய்மொழியே.

எழுத்துவடிவம் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதிலும் ஒரு சுவையான செய்தி: மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் 'மே' அப்படியே விடப்பட்டது. அதனடியில் சேர்க்கப்பட்ட வரம்புரையில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுடனான ஒன்றியத்தின் கடிதத் தொடர்புக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என 'ஷல்' இடம்பெற்றது. தீர்மானங்கள், பொது ஆணைகள், அறிவிக்கைகள் முதலியவை இருமொழியிலும் அமைவதற்கும் 'ஷல்'. இந்த ஏற்பாடுகளை நீக்க, இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றிய பின், நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். இன்றைய சட்டநூலிலும் அந்தப் பழைய 'மே', பின்வந்த 'ஷல்'களுக்கு மேலே அதே வரியில்தான் நிற்கிறது.