மெட்ராஸ்: ஒரு பெயரின் வரலாறு

மெட்ராஸ் என்பது இன்று சென்னை எனப்படும் நகரத்துக்கு 1996 வரை ஆங்கில ஆவணங்களில் வழங்கிய பெயர். மதராஸ், மதராசப்பட்டினம், மதராசு என்ற வடிவங்களும் தமிழில் உண்டு. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலத்தில் இப்பெயர் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து கோட்டைக்கும், நகரத்துக்கும், மாகாணத்துக்கும் பரவியது. அங்கிருந்து துணி, கல்விமுறை, கடிகார நேரம், கூரை, விலங்கு, குழம்பு, கண்நோய் எனப் பலவற்றுக்கும் அடைமொழியானது. ஊரின் பெயர் மாறிய பிறகும் இவற்றில் பெரும்பாலானவை பழைய பெயரையே வைத்திருக்கின்றன.

தோற்றம்

1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் பிரான்சிஸ் டே, சோழமண்டலக் கரையில் ஒரு மணல்திட்டை நாயக்கர்களிடமிருந்து பெற்றார். தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரும் பூந்தமல்லியிலிருந்த அவர் தம்பி அய்யப்ப நாயக்கரும் இந்தப் பேரத்தில் முன்னின்றவர்கள். மறு ஆண்டே புனித ஜார்ஜ் கோட்டையின் வேலை தொடங்கிவிட்டது. கொடை ஆவணத்திலேயே மதராசப்பட்டினம் என்ற பெயர் இருப்பதால், கம்பெனி வருமுன்பே அது வழக்கிலிருந்தது என்பது தெளிவு.

பெயரின் மூலம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சாந்தோமில் வாழ்ந்த போர்த்துகீசிய மதேரா குடும்பம், கடற்கரைக் குப்பத்தின் கிறிஸ்தவத் தலைவர் ஒருவர், மதரசா எனப்படும் இஸ்லாமியப் பள்ளி, போர்த்துகீசியரின் அன்னை மரியாள் தேவாலயம் என்று பலவும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை.

சென்னப்பட்டணம் என்ற பெயரும் உடன் வளர்ந்தது. நாயக்கர்களின் தந்தை சென்னப்பரின் நினைவாகக் கோட்டையை ஒட்டிய புதுக் குடியிருப்புக்கு அப்பெயர் வைக்கப்பட்டதாகக் கூறுவர். இரு குடியிருப்புகளும் ஒன்றாகக் கலந்த பிறகு ஆங்கிலேயர் மெட்ராஸையும், தமிழிலும் தெலுங்கிலும் எழுதியோர் பெரும்பாலும் சென்னையையும் சென்னப்பட்டணத்தையும் கையாண்டனர். ஆங்கிலத்தில் மெட்ராஸ் பிரசிடென்சி எனப்பட்டது தமிழ் ஏடுகளில் சென்னை மாகாணம், சென்னை இராஜதானி என்றே அச்சானது. ஆகவே 1996இல் நடந்தது தமிழ் எழுத்துக்குப் பெரிய மாற்றமல்ல. அது ஆங்கில எழுத்தையும் அன்றாடப் பேச்சையுமே தொட்டது.

துணியோடு போன பெயர்

ஊரின் பெயரை முதலில் கடல் கடத்தியது கைத்தறித் துணிதான். பழவேற்காடு முதல் தெற்கே உள்ள நெசவூர்களில், நூலுக்கு முன்னதாகவே சாயமேற்றிக் கட்டம்போட்டு நெய்த மெல்லிய பருத்தித் துணி மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறியது. சதுரங்களாக வெட்டி விற்க ஏதுவாக நெய்த வகைக்கு அசல் மெட்ராஸ் கைக்குட்டை என்று வணிகப் பெயர் விழுந்தது. நெய்தவர்களோ உடுத்தியவர்களோ உள்ளூரில் அதை அப்படி அழைக்கவில்லை. இங்கே அது கட்டம்போட்ட கைலித் துணியின் இனம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் அத்துணி சடங்குத் துணியாகவே ஆனது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இன்ஜிரி என்கின்றனர். பிறப்பு, திருமணம், இறுதிச் சடங்கு எல்லாவற்றிலும் அதற்கு இடமுண்டு. கலபாரிப் பெண்கள் நெய்த துணியிலிருந்து சில இழைகளைக் கத்தியால் அறுத்து உருவியெடுப்பார்கள். இழை போன இடங்களில் புதுக் கோலம் பிறக்கும், துணியும் இலேசாகும். பெலெதே பிதே எனப்படும் இவ்வகை அக்குடியின் தனி அடையாளம். நைஜீரியாவின் இக்போ மக்கள் இதன் உறவுத் துணியை ஜார்ஜ் என்கின்றனர். அது புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

கரீபியத் தீவுகளுக்கு 18ஆம் நூற்றாண்டில் இத்துணி சென்றது. மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய தீவுகளில் பெண்களின் தலைக்கட்டுக்கு இன்றும் மத்ராஸ் என்றே பெயர். கட்டின் மேல் துருத்தி நிற்கும் முனைகள் சேதி சொல்லும் என்பது அங்கே வழக்கு. ஒரு முனை என்றால் மனம் காலி, இரண்டு என்றால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, மூன்று என்றால் மணமானவள். 1850களில் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழ் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் போய்ச் சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஊரின் பெயர் அத்தீவுகளில் தலைக்குமேல் ஏறியிருந்தது. செயின்ட் லூசியாவின் தேசிய உடையிலும் இத்துணி இடம்பெறுகிறது.

அமெரிக்காவில் இதன் புகழுக்குச் சாயம் போனதே காரணமாயிற்று. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய சி.பி. கிருஷ்ணன் நாயர் 1958இல் ஏற்றுமதி செய்த துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சட்டைகளாக விற்றது. முதல் சலவையிலேயே நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. புகார்கள் குவிந்தபோது, சாயம் போவதையே அதன் சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே சாயம் போகும் மெட்ராஸ் சட்டை நாகரிகமானது. இதற்கிடையில் ஸ்காட்லாந்தின் நியூமில்ன்ஸ், டார்வெல் பகுதித் தறிகளில் நெய்த ஒருவகைத் திரைச்சீலைத் துணியும் மெட்ராஸ் என்றே விற்கப்பட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்றொரு சிறுநகரம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயர் பெற்ற அவ்வூர் 1911இல் நகராட்சியானது. நகரத்தை எண்ணி வைத்தார்களா, துணியை எண்ணி வைத்தார்களா என்று இரு கருத்துகள் உண்டு. 2017 ஆகஸ்ட் 21 முழுச் சூரிய கிரகணத்தைக் காண அங்கே பெருங்கூட்டம் திரண்டதால் அவ்வூர் உலகச் செய்தியானது.

பள்ளியும் கடிகாரமும்

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் இராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த அவர், தம் இல்லத்திலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் கையாண்டார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் இது. பெல் 1797இல் இதை நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பிரிட்டனிலும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிலும் பரவியது. ஆசிரியருக்குக் கொடுக்கக் காசில்லாத இடங்களில் ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்க முடிந்ததே அதன் கவர்ச்சி. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு 1833இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கல்லூரி இன்றும் மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது.

1792இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வான்காணகம் எழுந்தது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் செதுக்கிய அதன் கருங்கல் தூண் இன்றைய வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பம்பாய், கல்கத்தா நேரங்களுக்கு ஏறக்குறைய நடுவில் அமைந்ததால், எந்தப் பக்கமும் பெரிதாகச் சண்டைக்கு வராமல் ரயில்வேக்கள் அதை ஏற்றுக்கொண்டன. 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை, உள்ளூர்க் கடிகாரம் என்ன சொன்னாலும் நாட்டின் பெரும்பகுதியில் ரயில் கிளம்பியது மெட்ராஸ் நேரப்படிதான்.

கூரை, மரம், விலங்கு, சமையல்

மெட்ராஸ் டெரஸ் என்பது கான்கிரீட் வருமுன் தென்னிந்திய வீடுகளுக்குப் போட்ட தட்டைக் கூரை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் நெருக்கமாகக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மீது மெல்லிய செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவிட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்குமேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள்கணக்கில் இடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளிலும் செட்டிநாட்டிலும் இக்கூரைகள் நூறாண்டு தாண்டி நிற்கின்றன. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர்கள் இப்போதும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

உயிரியலில் மெட்ராஸ் முள்ளெலியும் மெட்ராஸ் மர மூஞ்சூறும் உண்டு. இரண்டும் தென்னிந்தியக் காட்டுயிர்கள் என்பதால் பெயரில் நியாயம் இருக்கிறது. கொடுக்காப்புளி மரத்துக்கு ஆங்கிலத்தில் மெட்ராஸ் முள் என்றொரு பெயர் உண்டு. மரமோ மெக்சிகோவிலிருந்து வந்தது. வந்த வழியில் அதற்கு மணிலாப் புளி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

பிரிட்டனின் இந்திய உணவகங்களில் மெட்ராஸ் என்பது காரத்தின் அளவுகோல். குர்மாவுக்கு மேல், விந்தாலுவுக்குக் கீழ். மிளகாய் தூக்கலாக, தக்காளி சேர்த்துச் செய்யும் இக்குழம்பு அங்கேயே உருவானது. சென்னைச் சமையலறை எதிலும் இந்தப் பெயரில் குழம்பு இல்லை. கம்பெனி அதிகாரிகள் ஊர் திரும்பும்போது எடுத்துப்போன மெட்ராஸ் கறிப்பொடியே இதற்கு முன்னோடி. வோட்காவில் கிரான்பெரிச் சாறும் ஆரஞ்சுச் சாறும் கலந்த மதுவுக்கும் இதே பெயர். 1979இல் அப்துல் ஜப்பார் கர்வாட்கர் உருவாக்கிய மதராசிச் சதுரங்கத்தில், எதிரியின் அதே வகைக் காயால் தாக்கப்படும் காய் அசைய முடியாமல் முடங்கிவிடும்.

கண்வலிக்கு வழங்கும் மெட்ராஸ் ஐ என்ற பெயரை மட்டும் இந்நகரத்தாரும் தயங்காமல் ஏற்றுக்கொண்டனர். கண்நோய்க்குப் பெயர் கொடுத்த ஊரில் கண் மருத்துவமும் பழையதுதான்: 1819இல் தொடங்கிய எழும்பூர்க் கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

மாகாணம், படை, வசைச்சொல்

19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் பிரசிடென்சி இன்றைய தமிழ்நாடு, கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் ஆகியவற்றை உள்ளடக்கியிருந்தது. ஒரு நகரின் பெயர் நான்கு மொழிப் பரப்புகளின் பெயரானது இப்படித்தான். 1758இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட் இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. தெலுங்கரும் மலையாளியும் கன்னடரும் தமிழரும் அங்கே மதராசி என்ற ஒரே பெயரில் போர் முழக்கமிடுகின்றனர். படைக்குள் பெருமையாக ஒலித்த அதே சொல், வட இந்தியத் தெருக்களில் தென்னாட்டார் அனைவரையும் ஒரே மூட்டையில் கட்டும் ஏளனமாயிற்று.

மொழிவாரி மாநிலக் கோரிக்கை எழுந்தபோது பெயருக்கும் ஊருக்கும் சேர்த்தே போட்டி நடந்தது. தனி ஆந்திர மாநிலம் கோரிய பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இந்நகரிலேயே உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்தார். மெட்ராஸ் மனதே (மெட்ராஸ் நம்முடையதே) என்று ஆந்திரர் முழங்க, தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என ம.பொ.சி. எதிர்முழக்கமிட்டார். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது, நகரம் தங்கியது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வேண்டி 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அண்ணா முதல்வரானபின் 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடானது. நகரத்தின் ஆங்கிலப் பெயர் மாற மேலும் 27 ஆண்டுகள் ஆயின.

பேச்சும் திரையும்

கிராமத்தாருக்கு அது பட்டணம், அல்லது மெட்ராசு. ரயிலேறிப் போய் ஏமாந்து வருவதும், போனவன் மாறிப்போய்த் திரும்புவதும் தமிழ்ப்படங்களின் பழைய சரக்கு. 1966இல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’, ஒரு பேருந்துப் பயணத்தையே கதையாக்கிய நகைச்சுவைப் படம். இந்தியில் அதை மறுஆக்கம் செய்தபோது ஊர்கள் மாறி, 1972இல் ‘பாம்பே டு கோவா’ ஆனது. கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் நாகேஷ் இந்நகரத்தைக் கேலி செய்து பாடும் பாட்டு இன்றும் வானொலியில் ஒலிக்கிறது.

துறைமுகம், ரிக்‌ஷா நிறுத்தம், சந்தை ஆகிய இடங்களில் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து விளைந்த பேச்சுக்கு மெட்ராஸ் பாஷை என்று பெயர். நாஷ்டா, பேஜார், கஸ்மாலம், இஸ்துகினு போன்றவை அதன் முத்திரைகள். ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக இதைப் பேசிப் பெயர் வாங்கினார். லூஸ் மோகன், ஜனகராஜ் போன்றோர் பின்னர் இதை வளர்த்தனர். அப்போதெல்லாம் இப்பேச்சு சிரிப்புக்கு மட்டுமே பயன்பட்டது. நாயகன் தூய தமிழ் பேசுவான், ரிக்‌ஷாக்காரன் பாஷை பேசுவான்.

அந்தப் பிரிவினையை பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) தலைகீழாக்கியது. வடசென்னைக் குடியிருப்பு ஒன்றில், ஒரு சுவரில் யார் படம் வரைவது என்ற உரிமைச் சண்டையே கதை. நாயகனே பாஷை பேசுகிறான். ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் இங்கே உழைக்கும் மக்களின் ஊரைக் குறிக்கிறது. ‘மதராசபட்டினம்’ (2010) வேறொரு வழியில் சென்று, டிராமும் தெளிந்த கூவமும் ஓடிய விடுதலைக்கு முந்தைய நகரத்தைக் காதல் கதைக்குப் பின்னணியாக்கியது. ஆக, சென்னை என்றால் இன்றைய ஊர், மெட்ராஸ் என்றால் பழமை அல்லது வடசென்னை என்று திரையுலகம் பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டுவிட்டது.

1996க்குப் பின்

மு. கருணாநிதி அரசு 1996இல் நகரின் பெயரை எல்லா மொழிகளிலும் சென்னை என்றாக்கியது. மாநகராட்சியும் துறைமுகமும் மாறின. மெட்ராஸ் பல்கலைக்கழகம் (1857), மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி (1835), மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி (1837), மெட்ராஸ் ஐ.ஐ.டி. (1959) ஆகியவை ஆங்கிலத்தில் பழைய பெயரோடு நீடிக்கின்றன. உயர் நீதிமன்றத்தின் பெயரை மாற்ற 2016இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, அந்த அவை கலைந்தபோது காலாவதியானது. தமிழ்நாடு உயர் நீதிமன்றம் என்றே வேண்டும் என மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டு தீர்மானித்ததும் செயலுக்கு வரவில்லை.

பெயர் மாறிய எட்டே ஆண்டுகளில், 2004இல், எஸ். முத்தையா, வின்சென்ட் டிசோசா, சசி நாயர் ஆகிய பத்திரிகையாளர்களின் முயற்சியால், 1639 கொடையின் நினைவாக ஆகஸ்ட் 22ஐ மெட்ராஸ் தினமாகக் கொண்டாடும் வழக்கம் தொடங்கியது. நடைப்பயணம், பழைய படக் கண்காட்சி, உரை என்று அது ஒரு மாதத் திருவிழாவாகவே வளர்ந்துவிட்டது. முத்தையா 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழும் பெயரை மாற்றவில்லை.

சென்ட்ரல் ரயில் நிலையம் மெட்ராஸ் சென்ட்ரலாக இருந்து சென்னை சென்ட்ரலாகி, 2019இல் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றது. பயணச்சீட்டில் அதன் குறியீடு எம்.ஏ.எஸ். என்றே தொடர்கிறது. விமான நிலையக் குறியீடான எம்.ஏ.ஏ.வும் மெட்ராஸிலிருந்து வந்ததுதான்.