ஒரே நாடு, ஒரே தரவுச் சட்டம்: அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கோருவது என்ன?

அமெரிக்காவில் மக்களின் தனிப்பட்ட தகவல்கள் அனைத்தையும் காக்கும் பொதுவான கூட்டரசுச் சட்டம் இல்லை. மருத்துவத் தகவல்களுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம், சிறார்களின் இணையத் தகவல்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் எனத் துறைவாரியான பாதுகாப்பே உள்ளது. அந்த வெற்றிடத்தை மாநிலங்கள் நிரப்பத் தொடங்கியபோது, நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்ற குரல் வணிக உலகில் வலுத்தது. அக்கோரிக்கையின் உள்ளடக்கத்தை இங்கே ஆராய்கிறோம்.

பின்னணி

கலிபோர்னியா 2018இல் இயற்றிய நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2020 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தம்மைப் பற்றித் திரட்டப்பட்ட தகவல்களை அறியவும், அவற்றை அழிக்கக் கோரவும், அவற்றின் விற்பனையைத் தடுக்கவும் அது மக்களுக்கு உரிமை அளித்தது. 2019 செப்டம்பரில் அமேசான், ஐபிஎம் உள்ளிட்ட 51 நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள் ‘பிசினஸ் ரவுண்ட்டேபிள்’ அமைப்பின் வழியே நாடாளுமன்றத் தலைவர்களுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினர். அமெரிக்க வர்த்தக சபை அதே ஆண்டில் மாதிரிச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது.

கோரிக்கைகள்

சாரமாக அவை இரண்டு. ஒன்று, கூட்டரசுச் சட்டம் மாநிலச் சட்டங்களைச் செல்லாதவையாக்க வேண்டும். மற்றொன்று, நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அரசு அமைப்புகளிடமே இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடரும் உரிமை கூடாது.

மாநிலத்துக்கு ஒரு விதி என்பது சிறு நிறுவனங்களுக்குச் சுமை என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், தேசியச் சட்டம் கீழ்வரம்பா, மேல்வரம்பா என்பதே கேள்வி. 1996ஆம் ஆண்டு மருத்துவத் தகவல் சட்டம் கீழ்வரம்பை மட்டுமே வகுத்தது. அதனினும் கடுமையான மாநிலச் சட்டங்கள் நீடிக்கின்றன. வணிக அமைப்புகள் வேண்டுவதோ மேல்வரம்பு.

வழக்குரிமையின் மதிப்பை இல்லினாய் மாநிலம் காட்டியது. அதன் 2008ஆம் ஆண்டு உயிரியளவைத் தரவுச் சட்டத்தின்கீழ் மக்கள் தொடுத்த வழக்கில், முக அடையாளத் தரவுகளுக்காக முகநூல் நிறுவனம் 65 கோடி டாலர் வழங்க உடன்பட்டது.

பாகுபாட்டுத் தடை

2022இல் பிரதிநிதிகள் அவைக் குழு 53க்கு 2 என்ற வாக்குகளில் ஏற்ற மசோதா, இனம், நிறம், மதம் முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு விளையுமாறு தரவுகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. வரம்புக்குட்பட்ட வழக்குரிமையும் அதில் இருந்தது. வர்த்தக சபை அதனை எதிர்த்தது. மாநில உரிமை பறிபோகும் எனக் கலிபோர்னியாவும் எதிர்த்தது. மசோதா அவைக்கு வரவே இல்லை. 2024 சூனில் அடுத்த மசோதாவின் திருத்திய வரைவிலிருந்து பாகுபாட்டுத் தடை நீக்கப்பட்டது. குடிமை உரிமை அமைப்புகள் கண்டித்தன. குழுவின் பரிசீலனைக் கூட்டமும் கைவிடப்பட்டது.

அத்தடை வெறும் அலங்காரமன்று. வீட்டு விளம்பரங்களைச் சில இனத்தவருக்குக் காட்டாமல் மறைக்க முகநூல் இடமளித்ததாக 2019இல் கூட்டரசு வீட்டுவசதித் துறை குற்றம் சாட்டியது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் தேசியச் சட்டம் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு வரைவு சாதி, பழங்குடி விவரங்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவுகளாக வகைப்படுத்தியிருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வகைப்பாடே இல்லை. எனவே, சட்டம் ஒன்றா, பலவா என்பதைக் காட்டிலும், பாகுபாட்டை அது தடுக்கிறதா, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்ல வழிவிடுகிறதா என்பவற்றையே நாம் முதலில் கேட்க வேண்டும்.